தூக்கிய கை

நாற்காலியின் ஒரு கால் ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. பாக்கியநாதன் மாஸ்டர் அதைச் சரிசெய்யவில்லை. குனிந்தால் கண் நாலாவது லேனை விட்டுப் போய்விடும், போக அவர் விடுவதாயில்லை. எட்டு லேனுக்கு எட்டு நடுவர்கள், எல்லோரும் வெள்ளைச் சட்டை வெள்ளைப் பேண்ட், கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் காத்திருப்பவர்களைப்போலக் குளத்தின் கடைக்கோடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்பிள்ளைகளின் எண்ணூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் என்பது நீளமான சங்கதி, இழுத்துக்கொண்டே போகும், பாதி நடுவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிவிடுவார்கள், வேறு நாளாக இருந்தால் அவரும் தூங்கியிருப்பார். வேலை அவ்வளவுதான்: தன் லேன் பிள்ளை சுவர்ப் பக்கம் வரும்போது எழுந்து நிற்க வேண்டியது, குனிந்து, உடம்பில் ஏதாவது ஒன்று சுவரில் பட்டதா என்று பார்க்க வேண்டியது, பட்டால் உட்கார வேண்டியது, படாவிட்டால் கையைத் தூக்க வேண்டியது. ஆனால் இன்றைக்குத் தூக்கம் எங்கே வரும். மைக்கில் பேர் வாசித்தபோது, நாலாவது லேன் மகிழினி இளங்கீரன் என்று வாசித்தபோது, அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். உலகத்தில் எத்தனை இளங்கீரன் இருப்பான், திருச்சியில் இருக்கமாட்டானா, சேலத்தில் இருக்கமாட்டானா என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு கேலரியைப் பார்த்தார். இருந்தான். தலைக்குச் சாயம் பூசி, தொப்பி வைத்து, தன் பேரிலேயே ஆரம்பித்த நீச்சல் கிளப்பின் பனியனைத் தொப்பைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, செல்ஃபோனைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு, அதே இளங்கீரன், அதே பல்.

அந்தப் பல்லை அவர் மறந்ததில்லை. மனைவி பிறந்தநாளை மறந்திருக்கிறார், வீட்டுச் சாவியை மறந்திருக்கிறார், சொந்தத் தங்கை கல்யாணத்துக்குத் தாலிக்கொடியைப் பஸ்ஸில் மறந்துவிட்டு வந்து இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறார், ஆனால் லேன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தண்ணீரை விட்டு எழும்பி எழும்பி விழுந்த அந்த முகத்தையும் பல்லையும் மறந்ததில்லை. இதே மாதிரி மாநிலப் போட்டிதான், ஆண்களுக்கான ஆயிரத்தைந்நூறு. இவர் அஞ்சாவது லேன், இளங்கீரன் நாலாவது. அவன் முன்னால் போனதில் வருத்தமில்லை, போகட்டும், கெட்டிக்காரன். கடைசி நூறு மீட்டருக்கு மணி அடித்ததும் கேலரியில் திடீரென்று விசில், கைதட்டல், கூச்சல். தண்ணீருக்குள் இருந்த பாக்கியநாதன் தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். நினைத்து, செத்துக்கொண்டிருந்த கையில் இல்லாத பலத்தையெல்லாம் வரவழைத்து வேகம் பிடித்தார், அதை இப்போது நினைத்தாலும் காதுமடல் சுடுகிறது. அப்புறம்தான் மூச்சுக்குத் தலையைத் திருப்பினால் பக்கத்தில் அந்தக் காட்சி. ஃப்ரீஸ்டைல் பந்தயத்தில் அவன் பட்டர்ஃப்ளை அடித்துக்கொண்டு போகிறான். இரண்டு கையையும் அகல விரித்து, தண்ணீரை அறைந்து, இவரை ஒரு முழுச் சுற்று தாண்டிக்கொண்டு, உங்களுக்கெல்லாம் இது போதும்டா என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு. அவன் கிளப்பிவிட்ட அலை இவர் வாய்க்குள் போனது, புரையேறி, கயிற்றைப் பிடிக்கப் போய், பிடித்து இழுத்தால் தகுதி போய்விடுமே என்று கையை விட்டு, இருமிக்கொண்டே நீந்தி, கடைசியாகக் கரை சேர்ந்தார்.

கேலரியில் அப்பா இருந்தார். அதுதான். அப்பா இல்லாமலிருந்தால் இதெல்லாம் எப்போதோ ஆறிப்போயிருக்கும், ஒரு டீக்கடைச் சிரிப்போடு முடிந்திருக்கும். அரிசி ஆலையில் மூட்டை தைக்கிற மனுஷன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் பையில் அவித்த முட்டை எடுத்துக்கொண்டு, மகன் நீந்துவதைப் பார்க்க முதன்முதலாக வந்திருந்தார். விசில் கேட்டதும் அவரும் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார், மகனுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று. பக்கத்திலிருந்தவன் யாரோ சட்டையைப் பிடித்து உட்காரவைத்து விளக்கம் சொல்லியிருக்கிறான். திரும்பும்போது பஸ்ஸில், விராலிமலை தாண்டின பிறகு அப்பா கேட்டார், அந்தப் பையன் ஏன்டா கடைசியில அப்படி நீந்துனான், உங்களையெல்லாம் கேலி பண்றானா. இல்லப்பா, விதியில இடமிருக்கு, ஃப்ரீஸ்டைல்னா எப்படி வேணாலும் நீந்தலாம் என்று பாக்கியநாதன் சொன்னார். தன்னை அவமானப்படுத்தினவனுக்குத் தானே வக்கீலாக நின்று வாதாடினார், வேறென்ன செய்வது, அழவா முடியும். அப்பா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "அப்ப நீ ஏன்டா அப்படி நீந்தல?" என்றார். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதன் பிறகு எந்தக் குளத்துக்கும் அவர் வரவில்லை, மகன் வேலையில் சேர்ந்து, பி.டி. மாஸ்டராகி, நடுவராகி வெள்ளைச் சட்டை போட்டபோதும் வரவில்லை, பிறகு வரமுடியாத இடத்துக்கும் போய்விட்டார்.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மகிழினி வந்துகொண்டிருந்தாள். நீளமான கை, சத்தமில்லாத நீச்சல், சுவருக்கு முன்னால் பந்துபோலச் சுருண்டு, பாதத்தால் சுவரை உதைத்து, வந்த வழியே போனாள். சுத்தம். ஒரு குறை இல்லை. உட்கார்ந்தார். குறை வேண்டியிருந்தது அவருக்கு. காலையில் பட்டர்ஃப்ளை பந்தயங்களுக்கும் இதே நாற்காலிதான், பட்டர்ஃப்ளையில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும், ஒற்றைக் கையால் தொட்டால் தகுதிநீக்கம், காலையில் வரிசையாகக் கையைத் தூக்கித் தூக்கித் தோளே வலித்தது. அதில் இந்தப் பெண் வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவு சுலபம். ஃப்ரீஸ்டைலில் என்னத்தைப் பிடிப்பது, தரையில் நடந்தால் பிடிக்கலாம், கயிற்றை இழுத்தால் பிடிக்கலாம், சுவரைத் தொடாமல் போனால் பிடிக்கலாம், மற்றபடி திமிரையும் கொழுப்பையும் பிடிக்க எந்த விதியிலும் இடமில்லை. எத்தனை இரவுகள் அவர் இளங்கீரனைப் பழிவாங்கியிருக்கிறார், கணக்கே கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் எதிரே உட்கார்ந்து பேச்சுவாக்கில் எல்லோர் முன்னாலும் அவன் மூக்கை உடைத்திருக்கிறார். ஆற்றில் அவன் மூழ்கிக்கொண்டிருக்கும்போது கரையில் நின்று, பட்டர்ஃப்ளை அடிடா என்று சொல்லியிருக்கிறார், அந்தக் கற்பனை மட்டும் மிகவும் பிடித்துப்போய், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் புதிதுபுதிதாக நகாசு வேலை செய்து வைத்திருந்தார். அவனுக்கு ஒரு மகள் இருப்பாள், அவள் தன் லேனில் வருவாள் என்பது மட்டும் அந்தக் கற்பனைகள் ஒன்றிலும் வந்ததில்லை. பாவம், பிள்ளை என்ன செய்யும் என்று ஒரு பக்கம் தோன்றியது. என்ன பாவம், என் அப்பா என்ன செய்தார் என்று இன்னொரு பக்கம் உடனே பதில் வந்தது.

அஞ்சாவது லேனில் பெனிட்டா என்று ஒரு பெண். குட்டையாக, கொஞ்சம் பூசின உடம்பாக, தண்ணீரோடு சண்டை போட்டு நீந்துகிற பிள்ளை, எல்லோருக்கும் கடைசி. அவளுடைய நடுவர் பக்கத்து நாற்காலியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் அவளுக்காகவும் சேர்த்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார். விடாதே புள்ள, விடாதே, வாயைத் திறக்காதே, மூச்சை அந்தப் பக்கம் எடு. அவளுடைய யாரோ கேலரியில் இருப்பார்கள், பையில் ஏதாவது வைத்திருப்பார்கள். மகிழினி எல்லோரையும் தாண்டிப் போய்விட்டாள், பெனிட்டாவை ஒரு முழுச் சுற்று தாண்டப்போகிறாள். எதிர்க் கோடியில் மணி அடித்தது. கடைசி நூறு மீட்டர். அவர் மனசு சொல்லிக்கொண்டிருந்தது, செய்யமாட்டாள், காலம் மாறிவிட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேறு மாதிரி. அதே மனசின் அடியில் இன்னொன்று செய்யட்டும் செய்யட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தது. செய்தாள். சுவரை உதைத்துத் தண்ணீருக்கடியில் வழுக்கி வந்தவள் மேலே எழும்பியபோது இரண்டு கையும் அகல விரிந்திருந்தன. கேலரியில் விசில். கைதட்டல். இளங்கீரன் எழுந்து நின்று, ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஏதோ கத்தினான், கத்தினதில் அதே பல். பெனிட்டா மூச்சுக்குத் தலையைத் திருப்பினாள், அலை அவள் முகத்தில் அடித்தது, அவள் தலை ஒரு கணம் உள்ளே போய் வெளியே வந்தது. பாக்கியநாதனுக்குத் தொண்டையில் குளோரின் ஏறியது. ஐம்பது வயசைத் தாண்டின மனுஷன், குளத்துக்கு வெளியே, காய்ந்த சட்டையோடு, உட்கார்ந்த இடத்தில் புரையேறி இருமினார்.

எழுந்து நின்றார், குனிந்தார். வந்தாள். பட்டர்ஃப்ளை நீந்திக் களைத்தவளுக்குத் தூரக் கணக்குத் தப்பிவிட்டது, சுவருக்கு ஒரு முழம் முன்னாலேயே வேகம் செத்துவிட்டது. இடது கை வீசி வந்து விழுந்தது, விரல்கள் சுவரில் மோதின, வலது கை வந்து சேரவேயில்லை. அப்படியே திரும்பினாள், உதைக்கக் காலை நீட்டினாள், காலுக்குச் சுவர் எட்டவில்லை, தண்ணீரை உதைத்துக்கொண்டு தடுமாறிப் போனாள். ஒற்றைக் கை. பாக்கியநாதனின் வலது கை மேலே போய்விட்டது. காலையிலிருந்து பழகின கை, பட்டர்ஃப்ளை என்று கண் சொன்னது, ஒற்றைக் கை என்று கண் சொன்னது, மூளையைக் கேட்காமல் கை போய்விட்டது. போய் உச்சியில் நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது, இது ஃப்ரீஸ்டைல். ஃப்ரீஸ்டைலில் ஒற்றைக் கை போதும். ஒற்றை விரல் போதும். அவள் மேல் ஒரு குற்றமுமில்லை. அட முட்டாளே என்றது மனசு, கீழே போடு, தலையைச் சொறிகிற மாதிரி போடு. ஆனால் எதிர்க் கோடியிலிருந்து ரெஃப்ரி வேதவல்லி மேடம் பார்த்துவிட்டார். தலையை ஆட்டினார். கையில் அட்டையோடு குளத்தோரமாக நடக்க ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் கொட்டாவியை நிறுத்திவிட்டு, என்ன மாஸ்டர் என்ன ஆச்சு என்று ஆவலோடு திரும்பினார். கை மேலேயே இருந்தது.

வேதவல்லி மேடம் ஈரத்தில் வழுக்கிவிடாமல் அடி மேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தார், அவர் வந்து சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். உண்மையைச் சொல்லலாம். மேடம், பழக்கதோஷம், ஃப்ரீஸ்டைல் என்பதை மறந்து பட்டர்ஃப்ளை விதியைப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான், மூன்று விநாடி வேலை. அப்புறம் இந்த எட்டு நாற்காலியும் சிரிக்கும், சாப்பாட்டு மேஜையில் சிரிக்கும், அடுத்த வருஷமும் சிரிக்கும், யாராவது போய் இளங்கீரனிடம் சொல்லுவான், உன் மகள் கேலி பண்ணினதில் நடுவரே குழம்பிட்டார்ப்பா என்று, அவன் சிரிப்பான். அவன் சிரிப்பான். பாக்கியநாதன் மறுபடி அஞ்சாவது லேனில் புரையேறிக்கொண்டு கிடப்பார். இல்லை, இன்னொன்றும் சொல்லலாம். தொடவில்லை என்று சொல்லலாம். இந்தக் கோடியில் கேமரா இல்லை, சுவரைப் பார்த்தது ஒரே ஒரு ஜோடிக் கண், அது அவருடைய கண். பக்கத்து ஆள் கொட்டாவியில் இருந்தார். கால் சுவரை உதைக்கவில்லை என்பது கேலரிக்கே தெரிந்திருக்கும். எத்தனையோ வருஷமாக ஒரு பொய்க் கை தூக்கினதில்லை, பாக்கியநாதன் கை தூக்கினால் மறுபேச்சில்லை என்று பேர், அந்தப் பேரையெல்லாம் எதற்குச் சேர்த்து வைத்தாய், இதற்குத்தானடா என்று யாரோ காதில் சொன்ன மாதிரி இருந்தது. நானாகத் தேடிப் போகவில்லையே. கை தானாகத்தானே போனது. தெய்வமாகப் பார்த்துத் தூக்கிவிட்ட கை. இப்படியெல்லாம் நினைத்தபோது அவருக்குப் பயமாக இருக்க வேண்டும், இல்லை, குளிர்ந்த மோர் இறங்குகிற மாதிரி சுகமாக இருந்தது.

"என்ன பாத்தீங்க மாஸ்டர்?" என்று வேதவல்லி மேடம் கேட்டார்.

"கடைசி டர்ன்ல சுவரைத் தொடலை மேடம்."

"காலும் படலை இல்ல? அங்கேயிருந்தே குட்டையாத் திரும்பின மாதிரிதான் எனக்கும் இருந்துச்சு. கை?"

"கையும் படலை," என்றார். குரல் நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம். மேடம் அட்டையில் எழுதி நீட்டினார், இவர் கையெழுத்துப் போட்டார், பள்ளிக்கூட வருகைப் பதிவில் போடுகிற அதே கையெழுத்து, ஒரு புள்ளி மாறவில்லை.

பந்தயம் முடியும்வரை யாரும் தண்ணீரை விட்டு ஏறக்கூடாது. முடித்தவர்களெல்லாம் கயிற்றில் தொங்கிக்கொண்டு காத்திருந்தார்கள், கடைசியாகப் பெனிட்டா வந்தாள். நாலாவது லேன் பெண் கயிற்றின் மேல் சாய்ந்து அவள் தோளைத் தட்டினாள், இரண்டும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டன. முகத்தில் அலை வாங்கின பிள்ளை சிரித்தது பாக்கியநாதனுக்குப் பிடிக்கவில்லை. உனக்கு ரோஷம் இல்லையாடி, உனக்காகவும் சேர்த்துத்தானே நான். மைக்கில் அறிவித்தார்கள். முதலாவதாக வந்த நாலாவது லேன் தகுதி இழந்ததாக அறிவித்தார்கள், தேசியப் போட்டிக்கு இரண்டாவதாக வந்த பெண் போகிறாள் என்றார்கள். இப்போது. இப்போது பார்க்க வேண்டும். அவர் கேலரியைப் பார்த்தார், இளங்கீரனின் முகம் தொங்கப்போகிற அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை வருஷமும் உயிரோடு இருந்த மாதிரி பார்த்தார். இளங்கீரன் ஃபோனைப் பையில் போட்டான். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டான். பக்கத்திலிருந்தவர் ஆவேசமாக ஏதோ சொல்ல, வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, படியில் இறங்கி வந்தான். வரட்டும், சண்டைக்கு வரட்டும், சட்டையைப் பிடிக்கட்டும் என்று பாக்கியநாதன் எழுந்து நின்றார். சண்டை வந்தால் நன்றாக இருக்கும். சண்டையில்தான் சொல்ல முடியும், என்னைத் தெரியவில்லையா, அஞ்சாவது லேன்டா நான் என்று.

துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கின மகளை ஒரு கையால் அணைத்தபடி வந்தான் இளங்கீரன். வந்ததும் கும்பிட்டான். எங்க கிளப்ல ஒரு வழக்கம் சார், தகுதி போனா அந்த நடுவரை நேர்ல பாத்து நன்றி சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும், அப்பதான் பிள்ளைங்களுக்குப் புத்தியில ஏறும் என்றான். முகத்தை நேருக்கு நேர் பார்த்துத்தான் சொன்னான். அந்தப் பார்வையில் ஒன்றுமில்லை, பழைய குளம் இல்லை, அஞ்சாவது லேன் இல்லை, எந்தப் பாக்கியநாதனும் இல்லை. "சின்ன வயசுல நானும் இதே கூத்துதான் சார் அடிப்பேன். ஒருத்தரும் என்னைத் தட்டிக் கேக்கலை. இன்னிக்கு எம்மவளை நீங்க கேட்டீங்க. தேசியப் போட்டிக்குன்னு ராத்திரி பகலா உழைச்சா, போச்சு, பரவால்ல, படட்டும்," என்றான். பாக்கியநாதன் சட்டைப் பொத்தானைத் திருகினார். நான் பழிவாங்கிவிட்டேன் என்று இவனுக்குத் தெரிய வேண்டுமே, தெரியாவிட்டால் இது என்ன பழி. தெரியவைக்க வேண்டுமென்றால் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். இவ்வளவு வருஷம் பொத்தி வளர்த்த ஒன்றை, பேர் சொல்லாமல், அநாதையாக, ஈரத் தரையில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். சரிங்க, சரிங்க என்று மட்டும் தலையாட்டினார்.

"தேங்க்யூ சார்," என்றாள் மகிழினி. அழுது முடித்த குரல். "காலுக்குச் சுவர் கிடைக்கலைன்னு எனக்கே தெரிஞ்சுது சார். ஆனா கை பட்ட மாதிரி இருந்துச்சு. படலையா?"

"படலைம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு துண்டுக்குள்ளிருந்து இடது கையை எடுத்து நீட்டினாள். நடுவிரலில் நகம் பாதி பெயர்ந்து, தண்ணீரில் வெளுத்த தோலுக்கு அடியிலிருந்து ரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. நாலாவது லேன் சுவரில் ஒரு ஓடு உடைந்து நீட்டிக்கொண்டிருப்பது காலையிலேயே அவர் கண்ணில் பட்டிருந்தது, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டார். "அப்ப இது எங்க பட்டிருக்கும் சார்?" என்று கேட்டாள். மடக்கவில்லை, சந்தேகப்படவில்லை. தன் விரலைவிட அவரை நம்பினாள், அதனால்தான் கேட்டாள்.

இளங்கீரனும் குனிந்து அந்த விரலைப் பார்த்தான், பிறகு நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தான். அப்பனும் மகளும் ஒரே மாதிரி பதிலுக்குக் காத்திருந்தார்கள். எட்டு நாற்காலிகளில் ஏழு காலியாகிவிட்டன, வேதவல்லி மேடம் கூப்பிடு தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சுவர்லதான் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கயித்துல பட்டிருக்கும்மா," என்றார் பாக்கியநாதன்.

அவள் திரும்பி லேன் கயிற்றைப் பார்த்தாள், அதில் கோர்த்திருந்த பிளாஸ்டிக் வட்டுகளைப் பார்த்தாள், மறுபடி விரலைப் பார்த்தாள். "ஆமா சார்," என்றாள், "கயித்துலதான் பட்டிருக்கும்." விரலை வாயில் வைத்துக்கொண்டு அப்பாவோடு போனாள்.